இந்தியாவில் சைரோட்ரான் உருவாக்கம்

சைரோட்ரான் என்பது மிகுந்த திறன் கொண்ட நுண்ணலைகளை (மைக்ரோவேவ்) உருவாக்கும் ஒரு வெற்றிடக் குழாய் ஆகும். அணுக்கரு இணைவு ஆய்வு உலைகளில் பிளாசுமாவைச் சூடாக்குவதற்கு இது பயன்படுகிறது. பிரான்சில் கட்டப்பட்டு வரும் ஈட்டர் எனும் பன்னாட்டு இணைவு உலைக்கு இரண்டு சைரோட்ரான் தொகுதிகளை வழங்கும் பொறுப்பை இந்தியா ஏற்றுள்ளது. ஆனால் அத்தொகுதிகளின் இதயமான குழாயைப் பொறுத்தவரை, இந்தியா நீண்ட காலமாக உருசியாவைச் சார்ந்தே இருந்து வந்துள்ளது. குழாயைச் சுற்றியுள்ள கருவிகளில் தேர்ச்சி பெற்ற ஒரு நாடு, குழாயில் ஏன் பின்தங்கியது என்பதே இத்துறையில் எழுப்பப்படும் முதன்மையான கேள்வி.

இந்தியா ஈடுபட்டுள்ள பெரும் அறிவியல் திட்டங்களுள் தமிழகத்தில் மிகுதியாகப் பேசப்பட்டது, தேனி மாவட்டத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகம் ஆகும். அதுவும் இணைவு ஆய்வும் அணுசக்தித் துறையின் பொறுப்பில் உள்ளவை. இரண்டும் காலத்தாழ்வால் இழந்தவை எவை என்பது இக்கட்டுரையின் பிற்பகுதியில் ஒப்பிடப்படுகிறது.

தேவை

இலேசான இரு அணுக்கருக்கள் ஒன்றாக இணையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. அணுக்கருக்கள் நேர்மின்னூட்டம் கொண்டவை ஆதலால் ஒன்றையொன்று விலக்குகின்றன. இவ்விலக்கத்தை மீறி அவை இணைய வேண்டுமாயின், உலையிலுள்ள வளிமம் ஏறத்தாழ 15 கோடி பாகை செல்சியசு வெப்பநிலையை எட்ட வேண்டும். இவ்வெப்பநிலையில் அது மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிந்து பிளாசுமா நிலையில் இருக்கும். டோகாமாக் எனப்படும் வளைய வடிவக் கலத்தில், வலுவான காந்தப்புலத்தின் துணையுடன் பிளாசுமா சுவரில் படாமல் நிறுத்தி வைக்கப்படுகிறது.

பிளாசுமாவின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தினால் அது தன் மின்தடையால் சூடாகும். ஆனால் வெப்பம் ஏற ஏறப் பிளாசுமாவின் மின்தடை குறைந்துகொண்டே போகிறது. ஆகவே ஓர் எல்லைக்கு மேல் வெளியிலிருந்துதான் சூடேற்ற வேண்டும். இதற்கு மின்னூட்டமற்ற அணுக்கற்றை, வானொலி அலை, மில்லிமீட்டர் அளவு அலைநீளம் கொண்ட நுண்ணலை ஆகிய மூன்று முறைகள் கையாளப்படுகின்றன. மூன்றாவது முறைக்குச் சைரோட்ரான் இன்றியமையாதது.

நுண்ணலை முறையின் சிறப்பு அதன் துல்லியம் ஆகும். காந்தப்புலத்தில் எதிர்மின்னிகள் (எலக்ட்ரான்கள்) சுழலும் வேகம் அப்புலத்தின் வலிமையைப் பொறுத்தது. டோகாமாக்கினுள் காந்தப்புலம் இடத்துக்கு இடம் மாறுவதால், குறிப்பிட்ட அலைவெண் கொண்ட நுண்ணலை குறிப்பிட்ட அடுக்கில் மட்டும் உறிஞ்சப்படும். கண்ணாடிகளைத் திருப்பி, எங்கு வேண்டுமோ அங்கு வெப்பத்தைச் செலுத்தலாம். பிளாசுமாவில் தோன்றும் சில குலைவுகளை அவை வளரும் முன்பே அடக்கலாம். மீக்கடத்திக் காந்தங்கள் கொண்ட உலைகளில் பிளாசுமாவைத் தொடக்கத்தில் உண்டாக்குவதற்கும் இம்முறை துணைபுரிகிறது.

செருமனியின் வெண்டெல்சுடைன் 7-எக்சு உலையில் பிளாசுமாவைச் சூடாக்கும் முதன்மை முறை இதுவே. அவ்வுலை 2023 ஆம் ஆண்டு எட்டு நிமிடங்கள் தொடர்ந்து பிளாசுமாவைத் தாங்கி நின்றது.

இயங்கும் முறை

வீட்டு நுண்ணலை அடுப்பில் உள்ள மேக்னட்ரான் எனும் குழாய் 2.45 கிகாகெர்ட்சு அலைவெண்ணில் ஏறத்தாழ ஒரு கிலோவாட் திறனைத் தருகிறது. ஈட்டர் உலைக்கான ஒரு சைரோட்ரான் 170 கிகாகெர்ட்சில் ஒரு மெகாவாட் தர வேண்டும். இது ஏறத்தாழ ஆயிரம் அடுப்புகளின் திறனுக்குச் சமம். அதுவும் ஒரு மணி நேரம் இடைவிடாமல்.

அலைவெண் உயர்ந்தால் அலைநீளம் குறையும். 170 கிகாகெர்ட்சில் அலைநீளம் 1.8 மில்லிமீட்டருக்கும் குறைவு. பழைய வகைக் குழாய்களின் உட்குழிவுகள் அலைநீளத்தின் அளவையே ஒட்டி அமைபவை. அத்தனை சிறிய குழிவில் ஒரு மெகாவாட்டைத் தேக்கினால் உலோகம் உருகிவிடும். சைரோட்ரான் இச்சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. அதில் எதிர்மின்னிகள் ஒரு வளையத் தகட்டிலிருந்து வெளியேறி, வலுவான காந்தப்புலத்தில் திருகுசுருள் போலச் சுழன்றுகொண்டே முன்னேறுகின்றன. அவற்றின் சுழற்சி வேகமே அலைவெண்ணைத் தீர்மானிக்கிறது. ஆகவே உட்குழிவு அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியதாக இருக்கலாம்.

ஒரு டெஸ்லா காந்தப்புலத்தில் எதிர்மின்னி ஒரு நொடிக்கு 2,800 கோடி முறை, அதாவது 28 கிகாகெர்ட்சு அளவில் சுழலும். 170 கிகாகெர்ட்சு சைரோட்ரானுக்கு நடைமுறையில் 7 டெஸ்லாவுக்குச் சற்றுக் குறைந்த புலம் தேவை. இத்தகைய புலத்தைத் தொடர்ச்சியாகத் தருவதற்கு மீக்கடத்திக் காந்தம் வேண்டும்.

இக்கோட்பாட்டின் அடிப்படையில் முதல் சைரோட்ரான் 1964 ஆம் ஆண்டு அன்றைய சோவியத் நாட்டின் கார்க்கி நகரில் (இன்றைய நீசினி நோவ்கரத்) உருவாக்கப்பட்டது. அந்நகரைச் சேர்ந்த கைகாம் நிறுவனம் இத்துறையில் உலகின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றாகும். பிரான்சின் தாலெசு, சப்பானின் கேனன் குழுமம், அமெரிக்காவின் சி.பி.ஐ. ஆகியன மற்ற முதன்மை உற்பத்தியாளர்கள்.

உருவாக்கத்தில் உள்ள சிக்கல்கள்

சைரோட்ரானின் கோட்பாடு பாடநூல்களில் கிடைக்கும். கைவேலையே கடினமானது.

முதலாவது, அலைப்பாங்குகளின் போட்டி. உட்குழிவு பெரிதாக இருப்பதால், அதில் ஏறத்தாழ ஒரே அலைவெண் கொண்ட பல அலைப்பாங்குகள் எழக்கூடும். வேண்டிய ஒன்றை மட்டும் நிலைநிறுத்த, உட்குழிவின் வடிவமும் எதிர்மின்னிக் கற்றையின் இடமும் மிக நுட்பமாக அமைய வேண்டும்.

இரண்டாவது, வெப்பம். உட்குழிவின் சுவரில் ஒரு சதுர செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோவாட் வெப்பம் படிகிறது. குழாயின் பயனுறுதிறன் 50 விழுக்காட்டளவு ஆதலால், ஒரு மெகாவாட் நுண்ணலை பெறும்போது இன்னொரு மெகாவாட்டை நீர் கொண்டு அகற்ற வேண்டியுள்ளது.

மூன்றாவது, சாளரம். குழாயினுள் வெற்றிடம் காக்கப்பட வேண்டும். நுண்ணலையோ வெளியே வர வேண்டும். சாதாரணப் பீங்கான் சாளரங்கள் இத்திறனில் வெடித்துவிடும். ஆகவே ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட வைர வட்டு பயன்படுத்தப்படுகிறது. வைரம் செம்பைவிடப் பன்மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும்.

நான்காவது, பொருள்களின் தரம். எதிர்மின்னிகளை உமிழும் டங்சுட்டன் வளையம் ஏறத்தாழ ஆயிரம் பாகையில் சீராக உமிழ வேண்டும். செம்பையும் பீங்கானையும் காற்றுப் புகாமல் இணைக்கும் பற்றாசு வேலையில் மயிரிழைக் குறை இருந்தாலும் குழாய் பயனற்றுப் போகும். இத்திறன்கள் கட்டுரைகளைப் படித்து வருபவை அல்ல. குழாய்களைச் செய்து, கெடுத்து, மீண்டும் செய்து வருபவை.

இந்தியாவில் ஆய்வுகள்

இந்தியாவில் இணைவு ஆய்வின் மையம் குசராத்து மாநிலம் காந்திநகரில் உள்ள பிளாசுமா ஆய்வு நிறுவனம் ஆகும். அகமதாபாத்தில் 1982 ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வுத்திட்டம் 1986 ஆம் ஆண்டு தனி நிறுவனமாயிற்று. பிரதிமன் கிருசன் காவ் இதன் முதல் இயக்குநர். இங்கு ஆதித்யா டோகாமாக் 1989 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. மீக்கடத்திக் காந்தங்கள் கொண்ட எஸ்.எஸ்.டி-1 உலையில் 2013 ஆம் ஆண்டு முதல் பிளாசுமா உண்டாக்கப்பட்டது.

எஸ்.எஸ்.டி-1 உலையின் காந்தப்புலம் 1.5 டெஸ்லா. அதற்கு ஏற்ற அலைவெண் 42 கிகாகெர்ட்சு. இதற்காக நிறுவப்பட்ட 500 கிலோவாட் சைரோட்ரான் உருசியாவிலிருந்து வாங்கப்பட்டது. 82.6 கிகாகெர்ட்சில் இயங்கும் மற்றொரு குழாயும் அங்கிருந்தே வந்தது.

இந்நிலையை மாற்றும் நோக்கில், 42 கிகாகெர்ட்சு, 200 கிலோவாட் அளவில் ஒரு குழாயை உள்நாட்டிலேயே வடிவமைக்கும் கூட்டுத்திட்டத்துக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நிதி வழங்கியது. இராசசுத்தான் மாநிலம் பிலானியில் உள்ள மத்திய மின்னணுப் பொறியியல் ஆய்வு நிறுவனம் இதற்குத் தலைமை ஏற்றது. பனாரசு இந்துப் பல்கலைக்கழகம், ரூர்க்கி இந்தியத் தொழில்நுட்பக் கழகம், மும்பையின் சமீர் நிறுவனம், காந்திநகர் நிறுவனம் ஆகியன பங்கேற்றன. இவ்வலைவெண்ணுக்கு ஏறத்தாழ 1.6 டெஸ்லா புலமே போதும் என்பதால், முதற்படியாக இது பொருத்தமான தெரிவு. உட்குழிவு வடிவமைப்பு, எதிர்மின்னித் துப்பாக்கி, நுண்ணலைச் சாளரம் ஆகியவற்றில் அனுபவம் பெற்ற ஓர் ஆய்வாளர் குழு இத்திட்டத்தால் உருவாயிற்று.

எனினும் 42-க்கும் 170-க்கும் இடையே உள்ள தொலைவு எண்களில் தெரிவதைவிடப் பெரியது. திறன் ஐந்து மடங்கு. காந்தப்புலம் நான்கு மடங்கு. இயங்கும் நேரமோ நொடிகளிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு உயர வேண்டும்.

ஈட்டர் திட்டமும் இந்தியாவின் பங்கும்

ஈட்டர் திட்டத்தில் இணைய இந்தியா 2005 ஆம் ஆண்டு இறுதியில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒப்பந்தம் 2006 நவம்பரில் பாரிசில் கையெழுத்தாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம், சப்பான், உருசியா, அமெரிக்கா, சீனா, தென்கொரியா ஆகியன மற்ற உறுப்பினர்கள். இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 9 விழுக்காடு. இதில் பெரும்பகுதி பணமாக அன்றிக் கருவிகளாக வழங்கப்படுகிறது.

முதல் வடிவமைப்பின்படி ஈட்டருக்கு 24 சைரோட்ரான்கள் தேவைப்பட்டன. இவற்றுள் சப்பானும் உருசியாவும் எட்டெட்டு, ஐரோப்பா ஆறு, இந்தியா இரண்டு என்று பகிர்ந்துகொண்டன. இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் இயக்க ஏறத்தாழ 50 மெகாவாட் மின்சாரம் வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் தலைப்பில், லோயர் கேம்ப்பில் உள்ள பெரியாறு நீர்மின் நிலையம் 35 மெகாவாட் திறன் கொண்ட நான்கு இயந்திரங்களுடன் அமைக்கப்பட்டது. அவற்றுள் ஏறத்தாழ ஒன்றரை இயந்திரத்தின் முழு உற்பத்தியும் இக்குழாய்களுக்கே போய்விடும் என்று கணக்கிட்டால் இதன் அளவு விளங்கும்.

தன் பொறுப்பை நிறைவேற்ற இந்தியா காந்திநகரில் ஒரு சோதனைக் கூடத்தை அமைத்தது. உயர் மின்னழுத்த மின்வழங்கிகள், கட்டுப்பாட்டு அமைப்புகள், குளிர்விப்பு ஆகியன உள்நாட்டு முயற்சியில் உருவாயின. சோதனைக்கான 170 கிகாகெர்ட்சு குழாய் மட்டும் உருசியாவின் கைகாம் நிறுவனத்திடமிருந்து பெறப்பட்டது.

ஈட்டரின் 2024 ஆம் ஆண்டுத் திட்டத் திருத்தம் இத்துறையின் முக்கியத்துவத்தை மேலும் உயர்த்தியது. உலையின் உட்சுவர் பெரிலியத்துக்குப் பதிலாக டங்சுட்டனால் அமையும் என முடிவாயிற்று. டங்சுட்டன் அணுக்கள் பிளாசுமாவில் கலந்தால் அதன் வெப்பத்தைக் கதிராக வெளியேற்றிவிடும். இதை ஈடுகட்ட, முதற்கட்ட ஆய்வுக்கே நுண்ணலைத் திறன் 40 மெகாவாட் அளவுக்கு, அதாவது முன்பிருந்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக உயர்த்தப்படுகிறது. ஆய்வுகள் 2034 ஆம் ஆண்டு தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. உலகில் ஒரு சில தொழிற்கூடங்களே செய்யக்கூடிய ஒரு பொருளுக்கு இவ்வாறு தேவை பெருகியுள்ளது.

வாங்குவதா, செய்வதா

இந்தியாவின் அணுகுமுறை குறித்து இரு கருத்துகள் உள்ளன.

முதல் கருத்து, கூட்டுத்திட்டத்தில் ஒவ்வொரு நாடும் தான் வல்ல துறையைச் செய்வதே முறை என்பது. ஈட்டர் உலையைச் சூழ்ந்துள்ள தண்கலம் 3,850 டன் எடையும் ஏறத்தாழ 30 மீட்டர் விட்டமும் கொண்டது. இதைக் குசராத்தின் அசீராவில் உள்ள லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனம் செய்து அளித்தது. வானொலி அலைவழிச் சூடேற்றலுக்கான மின்மூலங்களும் இந்தியாவின் பொறுப்பே. இவ்வளவு இருக்கையில் இரண்டு குழாய்களுக்காகத் தனித் தொழிற்கூடம் அமைப்பது வீண்செலவு என்று இத்தரப்பினர் கூறுவர். இதில் நியாயம் உண்டு. இரண்டு குழாய்களுக்கான வேண்டுகை எந்த உற்பத்தி வரிசையையும் வாழவைக்காது.

இரண்டாம் கருத்து, குழாய் என்பது தேய்ந்து மாற்றப்பட வேண்டிய பொருள் என்பதை முன்வைக்கிறது. தண்கலத்தை ஒருமுறை செய்தால் போதும். குழாய்களையோ உலை இயங்கும் காலம் முழுவதும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 2022 ஆம் ஆண்டு தொடங்கிய உக்ரைன் போரும் அதைத் தொடர்ந்த பொருளாதாரத் தடைகளும், ஒரே நாட்டை நம்பியிருப்பதன் இடரை எல்லா ஆய்வகங்களுக்கும் உணர்த்தின. மேலும் இக்குழாயின் பயன் இணைவு உலையோடு முடிவதில்லை. அயனி மூலங்கள், பீங்கான் பொருள்களைச் சுடுதல், அணுக்கருக் காந்த ஒத்திசைவுக் கருவிகள் ஆகியவற்றிலும் சைரோட்ரான்கள் பயன்படுகின்றன. புவிவெப்ப ஆற்றலுக்காகப் பாறையை நுண்ணலையால் துளையிடும் முயற்சியில் ஓர் அமெரிக்க நிறுவனம் 2025 ஆம் ஆண்டு டெக்சாசில் கருங்கல்லில் 100 மீட்டர் ஆழம் வரை சென்றது.

இவ்விரு கருத்துகளையும் ஒப்பிடுகையில், குறை எங்கே என்பது தெளிவாகிறது. பிலானித் திட்டம் ஓர் அலைவெண்ணுக்கு, ஒரு குழாய்க்கு என வகுக்கப்பட்டது. அதன் பின்னர் அடுத்த குழாய், அதற்கடுத்த குழாய் என்ற தொடர் வேண்டுகை இல்லை. சப்பானும் ஐரோப்பாவும் படிப்படியாக அலைவெண்ணையும் திறனையும் கூட்டிப் பல முன்மாதிரிகளைச் செய்து, அவற்றுள் சில தோற்ற பிறகே வெற்றி பெற்றன. தோல்விக்கும் நிதி ஒதுக்கும் திட்டமே இத்துறையில் பயன் தரும். நிதி விட்டுவிட்டு வருமாயின், பற்றாசு வைக்கக் கற்ற கைவினைஞரும் கற்றையைக் கணக்கிடக் கற்ற பொறியாளரும் வேறு வேலைகளுக்குச் சென்றுவிடுவர்.

தேனி நியூட்ரினோ திட்டத்துடன் ஒப்பீடு

காலத்தாழ்வின் விலையை அறியத் தேனி மாவட்டம் மற்றொரு சான்று. இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் நீலகிரியின் சிங்காரா தெரிவு செய்யப்பட்டது. புலிகள் காப்பகத்துக்கு அருகில் உள்ளது என்பதால் 2009 ஆம் ஆண்டு அவ்விடத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மாற்றிடமாகக் கம்பம் பள்ளத்தாக்கின் சுருளிப் பகுதி ஆராயப்பட்டு, அடர்ந்த காடு என்பதால் கைவிடப்பட்டது. இறுதியில் பொட்டிப்புரத்தை ஒட்டிய போடி மேற்கு மலை முடிவாயிற்று. மலையினுள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை அமைத்து, 50,000 டன் காந்த இரும்பாலான உணர்கருவியை நிறுவுவது திட்டம்.

நடுவண் அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது 2015 சனவரியில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பணிகளுக்குத் தடை விதித்தது. 2017 ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018 ஆம் ஆண்டு மீண்டும் அனுமதி வழங்கப்பட்டபோதும், காட்டுயிர் வாரியத்தின் ஒப்புதல் தேவை எனத் தீர்ப்பாயம் கூறியது. 2022 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு, மேற்குத் தொடர்ச்சி மலையின் புலிகள் வழித்தடத்தைச் சுட்டி, இத்திட்டத்தை ஏற்க இயலாது என உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

நியூட்ரினோக்கள் கதிர்வீச்சுத் தீங்கு விளைவிப்பவை அல்ல. ஆனால் மக்களின் கேள்விகள் அதனோடு நிற்கவில்லை. பாறை வெடிப்பு, நிலத்தடி நீர், காடு, மேய்ச்சல் நிலம், அணைகளின் பாதுகாப்பு ஆகியன பற்றிய கேள்விகள் வேளாண்மையை நம்பி வாழும் ஒரு பள்ளத்தாக்குக்கு இயல்பானவை. இடத்தைத் தீர்மானித்த பின்னர் விளக்கம் சொல்லும் முறை அவ்வையங்களைத் தீர்க்கவில்லை. மதுரையில் 85 டன் எடை கொண்ட சிறிய முன்மாதிரி உணர்கருவி அமைக்கப்பட்டதே கண்கூடான பயன். இதனிடையே, இத்திட்டம் விடை காண விழைந்த நியூட்ரினோ நிறை வரிசை குறித்த கேள்விக்காகச் சீனாவின் சூனோ ஆய்வகம் 2025 ஆகத்தில் தரவுகளைத் திரட்டத் தொடங்கியது.

இரு திட்டங்களின் தடைகளும் வேறானவை. தேனியில் தடை வெளியிலிருந்து, மக்களின் ஒப்புதல் இன்மையால் வந்தது. சைரோட்ரானுக்கு எதிராக எந்த ஊரும் போராடவில்லை. அங்கே தடை திட்டமிடலின் உள்ளேயே இருந்தது. ஆனால் இழப்பு ஒன்றே. கருவி செய்யக் கற்க வேண்டிய ஆண்டுகள் கடந்துபோயின.

வருங்காலம்

காந்திநகர் ஆய்வாளர்கள் 2025 ஆம் ஆண்டு முன்வைத்த வழித்திட்டத்தில் எஸ்.எஸ்.டி-பாரத் எனும் உலையும், அதைத் தொடர்ந்து 2060 ஆம் ஆண்டளவில் மின்சாரம் தரும் முன்மாதிரி உலையும் இடம்பெற்றுள்ளன. இவ்வளவு பெரிய உலைகளை நுண்ணலைச் சூடேற்றல் இன்றி இயக்குவது அரிது. ஓர் உலைக்கே பல சைரோட்ரான்கள் தேவைப்படலாம்.

எனவே இத்துறையில் மூன்று தேவைகள் முன்னிற்கின்றன. 42 கிகாகெர்ட்சில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு இடைப்பட்ட அலைவெண்களில் தொடர்ந்து குழாய்கள் செய்தல் ஒன்று. மீக்கடத்திக் காந்தம், வைரச் சாளரம், எதிர்மின்னி உமிழி ஆகிய பகுதிகளை உள்நாட்டுத் தொழிலகங்களுக்குக் கற்பித்தல் மற்றொன்று. ஆய்வு முதல் உற்பத்தி வரை ஒரே குழு நீடிக்குமாறு பல்லாண்டு நிதி உறுதி செய்தல் மூன்றாவது. ஈட்டருக்கு உரிய இரண்டு தொகுதிகளை வழங்குவதோடு இந்தியாவின் கடமை முடியும். ஆனால் அதன் வழியே குழாய் செய்யும் திறன் நாட்டில் தங்குமா என்பது, அந்த இரண்டுக்குப் பிறகு மூன்றாவது குழாயை யார் செய்யச் சொல்வர் என்பதைப் பொறுத்தே அமையும்.